தைராய்டு, அட்ரினல், கல்லீரல்: மருந்துக் கடைக்கு முன் அடுப்படியைப் பார்ப்போம்



கும்பகோணத்து மருந்துக் கடை அலமாரிகளிலும் நம் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்களிலும் இப்போது மூன்று வகை டப்பாக்கள் அதிகம் வலம் வருகின்றன. ஒன்று தைராய்டைச் சரிசெய்யும் என்கிறது. இன்னொன்று சோர்ந்துபோன அட்ரினல் சுரப்பிக்குத் தெம்பு தரும் என்கிறது. மூன்றாவது கல்லீரலைக் கழுவிச் சுத்தம் செய்யும் என்கிறது. சுவாமிமலை, பாபநாசம், அய்யம்பேட்டை, ராஜகிரி என்று நம் பகுதிக் குடும்பங்களுக்கு வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளிலும் இவை இருக்கின்றன.

இந்த மூன்று உறுப்புகளுக்கும் உண்மையில் தேவையான சத்துகள் எவை, அவை நம் சமையலில் எங்கே இருக்கின்றன, எங்கே சத்தே நஞ்சாகிறது என்பதை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் மருத்துவர் அல்லர். எனவே மருந்தின் அளவைச் சொல்லப் போவதில்லை. மருத்துவரிடம் எப்போது போக வேண்டும், அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறோம்.

மூன்றும் ஒரே குடும்பம்

தைராய்டு, தொண்டையின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. உடல் எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அட்ரினல், இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி போல அமர்ந்திருக்கும் சிறு சுரப்பி. கார்டிசால், ஆல்டோஸ்டிரோன், அட்ரினலின் ஆகிய ஹார்மோன்களைச் சுரந்து, நோயையும் அதிர்ச்சியையும் உடல் தாங்கச் செய்கிறது. இரத்த அழுத்தத்தையும் உப்புச் சமநிலையையும் காக்கிறது. கல்லீரல், வயிற்றின் வலப்பக்கம் மேலே சுமார் ஒன்றரை கிலோ எடையில் இருக்கும் பெரிய உறுப்பு.

தைராய்டு சுரக்கும் ஹார்மோனில் பெரும்பகுதி அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலும் வேறு சில திசுக்களும் அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. அட்ரினல் சுரந்த கார்டிசாலைப் பயன்பாட்டுக்குப் பின் சிதைத்து வெளியேற்றுவதும் கல்லீரலே. எனவே சோர்வு, உடல் பருமன், முடி உதிர்தல் போன்ற ஒரே அறிகுறிக்கு மூன்றில் எதுவும் காரணமாகலாம். மூன்றும் இல்லாமல் வெறும் இரத்தசோகையும் காரணமாகலாம். பரிசோதனை இல்லாமல் டப்பா வாங்குவது இருட்டில் கல் எறிவதுதான்.

தைராய்டு: நம் கையில் இருப்பது உப்பு

தைராய்டு ஹார்மோனின் மூலப்பொருள் அயோடின். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் தேவை. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 மைக்ரோகிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குண்டூசித் தலையை விடச் சிறிய அளவு இது. ஆனால் கர்ப்பத்தில் இது கடுமையாகக் குறைந்தால் பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

இந்தியா இதை அறிந்தது இமயமலை அடிவாரத்தில். காங்ரா பள்ளத்தாக்கில் முன்கழுத்துக் கழலை நோய் பரவலாக இருந்தது. டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் 1956ல் அங்கே ஆய்வைத் தொடங்கினர். அயோடின் சேர்த்த உப்பைச் சில பகுதிகளுக்குக் கொடுத்து, கொடுக்காத பகுதியோடு ஒப்பிட்டனர். கொடுத்த இடங்களில் கழலை கணிசமாகக் குறைந்தது. அதையொட்டி 1962ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பை உண்பதற்காக விற்பதை 1998ல் மத்திய அரசு தடை செய்தது. 2000ல் தடையை நீக்கியது. 2006 மே மாதம் மீண்டும் தடை செய்தது.

மலைநாட்டு நோய், கடலோரத்தில் வாழும் நமக்கென்ன என்று நினைக்கக் கூடாது. 2018–19ல் நடந்த இந்திய அயோடின் ஆய்வில், போதிய அளவு அயோடின் கொண்ட உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் சுமார் 76 சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 62 சதவீதம் மட்டுமே. மாநிலங்களின் வரிசையில் நாம் கடைசிப் பகுதியில் நின்றோம். தூத்துக்குடியும் வேதாரண்யமும் உப்பளங்களாக விரிந்து கிடக்கும் மாநிலத்தின் நிலை இது!

காரணமும் அந்த உப்பளங்களிலேயே இருக்கிறது. உப்பு விளையும் ஊர்களுக்கு அருகில், அளத்திலிருந்து நேரே வரும் கல் உப்பு மலிவாகக் கிடைக்கிறது. ராஜாஜி தலைமையில் 1930ல் திருச்சியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தொண்டர்கள் உப்பெடுக்க நடந்து சென்ற வேதாரண்யம் நம் டெல்டாவின் ஓரத்தில்தான் இருக்கிறது. கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் பிரியாணி உலைக்கும் கல் உப்புதான் ருசி என்ற பழக்கமும் நம்மிடம் உண்டு. கடல் நீரிலிருந்து வந்தது என்பதால் அதில் அயோடின் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உப்பு விளையும்போது அதில் தங்கும் அயோடின் மிகச் சொற்பம், உடலுக்குப் போதாது. இப்போது விலை கொடுத்து வாங்கும் இந்துப்பும் இளஞ்சிவப்பு உப்பும் இந்த விஷயத்தில் அளத்து உப்புக்கு மேலானவை அல்ல.

கணக்கு எளிது. சட்டப்படி வீட்டுக்கு வரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். அதாவது ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம். நாளுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்பதே இரத்த அழுத்தத்தைக் கருதிச் சொல்லப்படும் அளவு. அப்படியானால் குறைந்தபட்ச உப்பிலிருந்து 75 மைக்ரோகிராம் கிடைக்கும். மீதியைக் கடல்மீன், முட்டை, பால் ஆகியவை தரும். எனவே அயோடினுக்காக உப்பைக் கூட்டத் தேவையில்லை. சரியான உப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

• பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்ற வாசகமும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். கல் உப்பிலும் அயோடின் சேர்த்த வகை கிடைக்கிறது.
• ஈரம், வெயில், அடுப்பின் சூடு மூன்றும் அயோடினைக் குறைக்கும். மூடியிட்ட டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.
• முடிந்தவரை சமையலின் இறுதியில் உப்பைச் சேருங்கள்.
• கடற்பாசி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்காதீர்கள். அயோடின் மிகுந்தாலும் தைராய்டு கெடும்.

அயோடினுக்கு அடுத்து இரும்பும் செலினியமும். தைராய்டு ஹார்மோனை உருவாக்கும் நொதி இயங்க இரும்பு வேண்டும். இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அயோடின் மட்டும் கொடுத்தால் முழுப் பலன் கிடைப்பதில்லை. ஹார்மோனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதிகளுக்குச் செலினியம் தேவை. மீனிலும் முட்டையிலும் அது இருக்கிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பற்றிய அச்சம் மிகை. வேகவைத்து, அளவாக உண்பதில் தவறில்லை.

இந்தியாவின் 8 நகரங்களில் நடந்து 2013ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் சுமார் 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைபாடு காணப்பட்டது. இவர்களில் பலருக்குக் காரணம் அயோடின் குறைவல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. இந்த நிலையை எந்த உணவும் திருப்பிவிடாது. தைராக்ஸின் மாத்திரையே மருந்து. கருஞ்சீரகமும் தேனும் சாப்பிடுகிறோம் என்று மாத்திரையை நிறுத்தும் சகோதரிகளுக்கு, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு, அழுத்தமாகச் சொல்கிறோம்: நிறுத்தாதீர்கள். கர்ப்பத்தில் பலருக்கு அளவைக் கூட்ட வேண்டிவரும். நீங்கள் நிறுத்தினால் அதன் விலையைக் கொடுப்பது வயிற்றில் இருக்கும் பிள்ளை.

இந்த மாத்திரையை வெறும் வயிற்றில், உணவுக்கும் காபிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். ரமளானில் சஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போதோ எடுக்கலாம். இரண்டில் எது என்பதை மருத்துவரிடம் முடிவு செய்துகொள்ளுங்கள். முடி வளர விழுங்கும் பயோட்டின் மாத்திரை தைராய்டு பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டக்கூடும். இரத்தம் கொடுக்குமுன் அதைச் சொல்லிவிடுங்கள்.

அட்ரினல்: களைப்பு வேறு, நோய் வேறு

"அட்ரினல் களைப்பு" என்ற சொல் இணையத்தில் பெரிதாக ஓடுகிறது. ஹார்மோன் மருத்துவத் துறை இப்படி ஒரு நோயை ஏற்கவில்லை. ஆய்வுகளைத் தொகுத்து 2016ல் வெளியான ஒரு கட்டுரையும் இதற்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தது. இரவு ஒரு மணிவரை கைப்பேசி பார்த்துவிட்டு ஃபஜ்ருக்கு எழ முடியாமல் தவிப்பவருக்குத் தேவை மாத்திரை அல்ல, உறக்கம்.

ஆனால் உண்மையான அட்ரினல் நோய் ஒன்று உண்டு. லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855ல் விவரித்ததால் அவர் பெயரால் வழங்குகிறது. சுரப்பி அழிந்துபோவதால் வரும் இதற்கு நம் நாட்டில் காசநோய் முக்கியக் காரணங்களில் ஒன்று. உடல் எடை குறைதல், எழுந்தால் தலைசுற்றல், வாந்தி, உப்புக்கு ஏங்குதல், உள்ளங்கைக் கோடுகளும் ஈறுகளும் கறுத்துப்போதல் ஆகியவை இதன் அடையாளங்கள். இவை சேர்ந்து தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதைவிட நம் ஊர்களில் கவனிக்க வேண்டியது ஸ்டீராய்டு. மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் மருத்துவர் தரும் ஸ்டீராய்டை வாரக்கணக்கில் எடுக்கும்போது அட்ரினல் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். திடீரென மாத்திரையை நிறுத்தினால் உடலில் கார்டிசாலே இல்லாமல் போய் உயிருக்கு ஆபத்து நேரும். பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடி இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்கிறதென்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவர்கள் நோன்பு வைக்குமுன் மருத்துவரைக் கேட்பது கட்டாயம். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்திருப்பது அல்லாஹ்வே. அந்தச் சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு ஆகாது.

சத்து என்று பார்த்தால், உடலில் வைட்டமின் சி செறிவாக இருக்கும் இடங்களில் அட்ரினலும் ஒன்று. ஹங்கேரி விஞ்ஞானி செண்ட்-ஜியார்ஜி 1928ல் இந்த வைட்டமினைப் பிரித்தெடுத்ததே அட்ரினல் சுரப்பியிலிருந்துதான். அதற்காக நாம் மாத்திரை தேட வேண்டியதில்லை. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, முருங்கைக்கீரை போதும். முழு உணவு, போதிய புரதம், நேரத்துக்கு உறக்கம் ஆகியவற்றைத் தாண்டி ஆரோக்கியமான அட்ரினலுக்குத் தனியாக எந்த டானிக்கும் தேவையில்லை.

இந்த டப்பாக்களில் அடிக்கடி சேர்க்கப்படும் இரண்டு மூலிகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அதிமதுரம், இருமலுக்கு ஒரு துண்டு சுவைப்பதில் பிரச்சினை இல்லை. நாள்தோறும் அதிகமாக எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அமுக்கரா எனப்படும் அஸ்வகந்தா தைராய்டு அளவை உயர்த்தியதாகவும் கல்லீரலைப் பாதித்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. டென்மார்க் 2023ல் அதைத் தடை செய்தது.

கல்லீரலும் செம்பும்: நம் ஊருக்கே உரிய பாடம்

சுவாமிமலை என்றால் உலகம் அறிவது ஐம்பொன் வார்ப்பு. காவிரியின் வண்டல் மண்ணில் அச்செடுத்து, செம்பும் பித்தளையும் வெள்ளீயமும் உருக்கி வார்க்கும் பட்டறைகள் தலைமுறைகளாக இங்கே இயங்குகின்றன. பக்கத்திலுள்ள கும்பகோணம் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர் போனது. செம்பைப் பற்றி நன்கு தெரிந்த இந்த மண்ணில், செம்புக்கும் கல்லீரலுக்குமான உறவும் தெரிந்திருக்க வேண்டும்.

செம்பு ஒரு சத்துதான். பெரியவருக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் தேவை. பருப்பு, எள், கொட்டைகள், ஆட்டு ஈரல் ஆகியவற்றிலிருந்தே அது கிடைத்துவிடும். மிகுந்ததைப் பித்தநீரின் வழியே வெளியேற்றுவது கல்லீரலின் பொறுப்பு. கைக்குழந்தையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் முழுதாக வளர்ந்திருக்காது.

பல தலைமுறைகளாக இந்தியாவில் ஒரு நோய் குழந்தைகளைக் கொன்றுவந்தது. ஒரு வயது முதல் மூன்று வயதுக்குள் வயிறு வீங்கி, கல்லீரல் கெட்டியாகி, பெரும்பாலானவர்கள் இறந்தனர். இந்தியக் குழந்தைப் பருவ சிரோசிஸ் என்று பெயர். தமிழ்நாடும் இதை அறிந்திருந்தது. இறந்த குழந்தைகளின் கல்லீரலில் அளவு கடந்த செம்பு இருந்தது. புனேயில் ஆய்வு செய்த மருத்துவர்கள் 1983ல் 'லான்செட்' இதழில் ஒரு காரணத்தை முன்வைத்தனர். நோயுற்ற குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதில் சீக்கிரமே மாட்டுப்பால் புகட்டப்பட்டிருந்தது. அந்தப் பால் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைக்கப்பட்டிருந்தது. பாலிலுள்ள புரதம் செம்பை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. எவர்சில்வர் பரவி அந்தப் பாத்திரங்கள் பால் அடுப்பை விட்டு இறங்கியபின் நோய் மிக அரிதாகிவிட்டது.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் 1900 முதல் 1974 வரை இதே போன்ற நோய் 138 குழந்தைகளைத் தாக்கியது. அங்கும் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பால். பாத்திரம் மாறியதும் நோய் மறைந்தது. மரபணுக் காரணமும் சேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எப்படியாயினும் பாத்திரத்தை மாற்றுவது நம் கையில் இருந்தது.

இப்போது பாரம்பரியம் என்ற பெயரில் செம்புக் குவளை, பித்தளைச் சட்டி எல்லாம் திரும்பி வருகின்றன. அவற்றை வெறுக்க வேண்டியதில்லை. இந்த விதிகளைக் கடைப்பிடித்தால் போதும்:

• கைக்குழந்தையின் பாலையோ கஞ்சியையோ செம்பு, பித்தளையில் காய்ச்சவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே.
• புளி, தயிர், எலுமிச்சை சேர்ந்த எதையும் ஈயம் பூசாத செம்பு, பித்தளையில் வைக்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றைச் செம்புப் பாட்டிலில் ஊற்றுவது தவறு.
• வலீமா விருந்துக்கு வாடகைக்கு வரும் செம்பு தேக்சாவில் உட்புறப் பூச்சு தேய்ந்து சிவப்பு தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும். அதில் காரீயம் கலந்தால் அது பிள்ளைகளின் மூளைக்கு நஞ்சு.

கல்லீரலில் கொழுப்பு: அரிசி நாட்டின் இன்றைய நோய்

குடிக்காதவருக்கும் கல்லீரல் கெடுமா என்று நம் மக்கள் கேட்கிறார்கள். கெடும். மதுவைத் தொடாத வீடுகளிலும் கல்லீரல் கொழுப்பு நோய் இன்று பரவலாக இருக்கிறது. இந்திய அரசு 2021ல் இதைத் தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தில் சேர்த்தது. தொப்பை, சர்க்கரை நோய், உடலுழைப்பு இல்லாமை மூன்றும் இதன் தோழர்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் இடுப்பளவு இருந்தால் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

இதற்கு உறுதியான மருந்து எடைக்குறைப்பு. 7 முதல் 10 சதவீதம் எடை குறைந்தால் கல்லீரலின் அழற்சியும் தணிகிறது. 80 கிலோ உள்ளவர் 6 முதல் 8 கிலோ குறைக்க வேண்டும், அதையும் மெதுவாக. முதலில் நிறுத்த வேண்டியவை குளிர்பானம், சர்பத், இஃப்தார் மேசையின் எண்ணெய்ப் பலகாரங்கள். அடுத்து சோற்றின் அளவு. வயலில் நாள் முழுக்க உழைத்த பாட்டனாரின் தட்டு, நாற்காலியில் அமர்ந்திருக்கும் பேரனுக்குப் பொருந்தாது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பருப்பு, மீன், முட்டை, கீரை, காய்கறியை வையுங்கள். முட்டையின் மஞ்சள் கருவிலுள்ள கோலின் என்ற சத்து, கல்லீரல் தன் கொழுப்பை வெளியே அனுப்ப உதவுகிறது. பச்சரிசியை விடப் புழுங்கல் அரிசியில் பி வைட்டமின் அதிகம் தங்கும். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்குவதே காரணம். சர்க்கரை இல்லாத காபி குடிப்போருக்குக் கல்லீரல் நோய் குறைவாக இருப்பதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன.

கல்லீரலைக் கழுவும் மருந்து என்று ஒன்றில்லை. கழுவும் வேலையைச் செய்வதே கல்லீரல்தான். கீழாநெல்லியைப் பற்றிக் கேட்பீர்கள். சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988ல் 'லான்செட்' இதழில், ஹெபடைடிஸ் பி கிருமியை அது நீக்குவதாக நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டனர். பிற நாடுகளில் நடந்த பின்னைய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி கொடுத்துக்கொண்டு வீட்டிலேயே காத்திருக்காதீர்கள்; எந்தக் காமாலை என்று இரத்தப் பரிசோதனையில் முதலில் பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, எந்தச் சத்து மாத்திரையையும் விடக் கல்லீரலுக்குப் பெரிய காவல். சீந்தில் தொடர்பான கல்லீரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் 2021ல் பதிவு செய்தனர். குழம்பில் இடும் மஞ்சள் நல்லது. மிளகுச் சத்து சேர்த்த அடர் மஞ்சள் மாத்திரை சிலரின் கல்லீரலைப் பாதித்திருக்கிறது.

சொந்தத்தில் திருமணம்: பேசாமல் விடக்கூடாத ஒன்று

பிறவியிலேயே கார்டிசால் சுரக்காத அட்ரினல் கோளாறு, செம்பு கல்லீரலில் தேங்கும் வில்சன் நோய், பிறவித் தைராய்டுக் குறைபாட்டின் சில வகைகள் ஆகியவற்றில் ஓர் ஒற்றுமை உண்டு. தாய், தந்தை இருவரும் ஒரே பழுதுபட்ட மரபணுவைச் சுமந்தால்தான் இவை பிள்ளைக்கு வரும். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும்போது இந்த வாய்ப்பு கூடுகிறது. மார்க்கம் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்க அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே இப்படி ஒரு நோய் இருந்தாலோ, காரணம் தெரியாமல் பச்சிளம் பிள்ளைகள் இறந்திருந்தாலோ, நிக்காஹ் பேசுமுன் மரபணு ஆலோசனை பெறுவது பெற்றோரின் கடமை என்றே நாம் கருதுகிறோம்.

பிறந்த சில நாட்களில் குழந்தையின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனையில் தைராய்டுக் குறையையும் அட்ரினல் கோளாறையும் கண்டுபிடித்துவிடலாம். பிரசவமான மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். முதல் சில வாரங்களில் பால் குடிக்காமல், வாந்தியெடுத்து, துவண்டுபோகும் குழந்தையைக் கண்ணேறு என்று ஓதிப் பார்த்துக்கொண்டிருப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஓதிக்கொண்டே வண்டியை எடுங்கள்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர், அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. தகவலைச் சரிபார்க்காமல் குழுவில் அனுப்பும் நாமும் அந்தப் பொறுப்பைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். ஒரு டப்பாவை வாங்குமுன் நான்கு கேள்விகள்: எந்தப் பரிசோதனை எனக்கு இந்தக் குறையைக் காட்டியது? இதில் உள்ள ஒவ்வொரு பொருளின் அளவும் அட்டையில் இருக்கிறதா? நான் எடுக்கும் மருந்தோடு இது மோதுமா? கேப்ஸ்யூலின் ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது? கடைசிக் கேள்விக்கு, சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளி இருந்தால் விலங்கு ஜெலட்டின் பற்றிய கவலை இல்லை.

இன்று மாலை ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுப்படிக்குச் சென்று உப்புப் பாக்கெட்டைப் புரட்டி அயோடின் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளையின் பால் காயும் பாத்திரம் எதனால் ஆனது என்று பாருங்கள். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணி நடக்கும் அறிவையும், நோயுற்றோர் அனைவருக்கும் முழு ஷிஃபாவையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.